உவரிப் பக்கத்து சிஸ்டர் டிஸ்பென்சரி: அப்பாவின் விரல் பிழைத்த கதை

என் அப்பா பனையேறி. நாற்பது வருஷம் தேரி மணலில் வெறுங்காலோடு நடந்தவர். போன ஆவணியில் வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு உடைமுள் ஏறியது, அது அவருக்குத் தெரியவே இல்லை. சுகர் வந்து பதினொரு வருஷம் ஆகிறது, பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. ராத்திரி பாயில் ரத்தத்தைப் பார்த்து அம்மாதான் கூப்பாடு போட்டார்கள்.

முதலில் போன தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கட்டுப் போட்டார்கள். எப்படி நடக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நாலாவது வாரம் விரலை எடுத்துவிடலாம் என்றார்கள். வீட்டுக்கு வந்த அப்பா ரெண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அப்போது பக்கத்து வீட்டு அத்தை சொல்லித்தான் உவரிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தை ஒட்டியிருக்கும் இந்த டிஸ்பென்சரிக்குப் போனோம். நாங்கள் உவரி சுயம்புலிங்க சுவாமியைக் கும்பிடுகிறவர்கள். மடத்து வாசலை அதற்கு முன் மிதித்ததில்லை.

ஓடு போட்ட ரெண்டு அறை, வெளியே புங்கமரம், அடியில் ஒரு பெஞ்சு. சிஸ்டருக்கு எழுபது தாண்டியிருக்கும். "வாங்க அண்ணாச்சி, செருப்ப மொதல்ல கழட்டிக் குடுங்க" என்றார்கள். காலைப் பார்ப்பதற்கு முன் செருப்பைத் திருப்பிப் பார்த்தார்கள். எந்த இடம் தேய்ந்திருந்ததோ அதற்கு நேர் மேலேதான் புண். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, துண்டை விரித்து, அப்பாவின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். அப்பா கூச்சத்தில் காலை இழுத்தார், விடவில்லை. கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடத்தில் தொட்டார்கள். மூன்று இடத்தில்தான் அப்பா "ம்" என்றார்.

அன்றைக்கு மருந்து கூடப் போடவில்லை. "புண்ணு எலும்புக்குப் போயிருக்கான்னு தெரியணும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு கவர்மெண்டு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க. அங்க டாக்டர் பாத்துச் சரின்னு சொன்னாத்தான் நான் கை வைப்பேன்." எனக்கு நம்பிக்கை வந்தது அந்த இடத்தில்தான். எலும்பு நன்றாக இருந்தது.

அடுத்த பதினைந்து வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள் என் லோடு ஆட்டோவில் அப்பாவை அழைத்துப் போனேன். காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பத்தொன்பது வயசில் மடத்தில் சேர்ந்து, நர்ஸ் படித்து, இருபத்தாறு வருஷம் தொழுநோய் இல்லத்தில் புண் கழுவியிருக்கிறார்கள். 1980களில் கூட்டு மருந்து வந்தது, நோயாளிகள் குறைந்தார்கள். பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் கீழே வந்துவிட்டதாக 2005-ல் அரசாங்கமே அறிவித்தது. அப்புறம் சிஸ்டருக்கு வேலை இல்லாமல் போயிருக்க வேண்டும். ஆனால் அதே புண் சுகர்காரர்கள் காலில் வர ஆரம்பித்திருந்தது. தொழுநோயும் நரம்பைக் கொல்கிறது, சுகரும் கொல்கிறது. வலி தெரியாததால் புண்ணின் மேலேயே நடக்கிறோம், அதனால்தான் அது ஆறுவதில்லை. கொல்லிமலையில் பிறந்து வேலூர் சி.எம்.சி.யில் வேலை பார்த்த பால் பிராண்ட் என்ற டாக்டர் தொழுநோயாளிகளிடம் கண்டு சொன்னது இது. அப்பா இப்போது போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலர் ரப்பர்) செருப்பும் அவர்களுக்காக வந்ததுதானாம்.

ஆக வைத்தியத்தில் பாதி, காலை ஊன்றாமல் இருப்பது. மடத்தில் இருந்த ஊன்றுகோலை இரவல் கொடுத்தார்கள். திங்கள்கிழமைதோறும் புண்ணின் மேல் பிளாஸ்டிக் தாளை வைத்து ஓரத்தை வரைந்து தேதி போடுவார்கள். எலுமிச்சை அளவு, நெல்லிக்காய் அளவு, கடைசியில் கொண்டைக்கடலை அளவு. அப்பா அந்தத் தாள்களை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். தைப் பொங்கலுக்கு முந்தின வாரம் தோல் மூடிவிட்டது. விரல் இருக்கிறது.

சுவரில் ஒரு வெள்ளைக்காரக் கன்னியரின் படம் இருந்தது. "இது யாரும்மா?" என்று அப்பா ஒருநாள் கேட்டார். மரியன்னே கோப், 1883-ல் ஆறு சகோதரிகளோடு ஹவாய்த் தீவுக்குத் தொழுநோயாளிகளைப் பார்க்கப் போனவர், 1888-ல் நோயாளிகளைக் கொண்டுபோய் ஒதுக்கிவைத்திருந்த மொலோக்காய் தீவுக்கே போய், 1918-ல் சாகும்வரை அங்கேயே இருந்தவர். 2012-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்களாம். "அந்த நோய் அவங்களுக்குத் தொத்தவே இல்ல அண்ணாச்சி. கை கழுவுறதுல அவ்வளவு கண்டிப்பு" என்று சொல்லிக்கொண்டே சோப்பை எடுத்தார்கள். சிஸ்டர் கை கழுவுவதைப் பார்க்கவேண்டும், முழங்கை வரைக்கும், அவசரமே இல்லாமல்.

குறைகளும் உண்டு. ஒரே ஒரு சிஸ்டர்தான், எட்டு மணிக்குப் போனாலும் பதினொன்று ஆகிவிடும். கரண்ட் போனால் உள்ளே புழுக்கம் தாங்காது. பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் நடக்கவேண்டும், கால் புண்ணோடு வருகிறவர்களுக்கு இது பெரிய கஷ்டம், மடத்தில் யாராவது யோசிக்கவேண்டும். பீடி குடிக்கிறவர்களுக்குத் திட்டு நிச்சயம். அப்பா வாங்கினார், இப்போது பீடி இல்லை. கட்டுத்துணிக்கு முப்பது ரூபாய், இல்லாதவர்களிடம் கேட்பதில்லை.

மே மாதம் சிஸ்டருக்கு மாற்றல் வரலாம் என்கிறார்கள். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், எங்கே அனுப்பினாலும் போய்விடுவார்கள். காலில் ஆறாத புண் இருக்கிறவர்கள் அதற்குள் ஒருமுறை போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கிடையாது. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள், தினமும் போடுகிற பழைய செருப்போடு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள்.