ஒனிவைட்: ஷீஷூ மரத்திலிருந்து கணையப் புற்றுநோய்க்கு

கணையப் புற்றுநோய்க்குச் சீன மூலிகை என்று விற்கும் பொடி, கேப்ஸ்யூல் எதையும் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. சீனத்து மரம் ஒன்றிலிருந்து நிஜமாகவே கீமோ வார்டுக்குள் வந்த ஊசிமருந்தான ஒனிவைட் பற்றியது இது. அந்த மரம் ஷீஷூ, அதாவது 'மகிழ்ச்சி மரம்'. 1966இல் அதிலிருந்து வேதியியலாளர்கள் மன்றோ வாலும் மன்சுக் வாணியும் பிரித்தெடுத்தது கேம்ப்டோதெசின் என்ற வேதிப்பொருள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நோதபோடைட்டஸ் மரத்திலும் அதே சரக்குதான்.

அதை அப்படியே மனிதருக்கு ஏற்றிப் பார்த்தது படுதோல்வி. தண்ணீரில் கரையாததால் சோடியம் உப்பாக்கினார்கள். உப்பானதும் மூலக்கூறின் வளையம் திறந்து வீரியம் போனது. சிறுநீரின் புளிப்பில் வளையம் திரும்ப மூடிக்கொண்டு, மூத்திரப்பை புண்ணாகி ரத்தம் வந்தது. ஜப்பானில் கேம்ப்டோதெசினை மாற்றியமைத்து உருவாக்கிய ஐரினோடீகன் அந்தச் சிக்கலைத் தாண்டியது. அதைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்தால் ஒனிவைட். ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்து கைவிட்ட பிறகு கொடுக்க, 2015இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது.

உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 70 மி.கி., 90 நிமிட டிரிப், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. இது முதலில், பிறகு லியூகோவொரின், கடைசியில் 46 மணி நேரம் ஓடும் ஃப்ளூரோயுராசில் என்ற இன்னொரு கீமோ மருந்து; அதன் வீரியத்தைக் கூட்டத்தான் லியூகோவொரின். வரிசை மாறக்கூடாது. சாதா ஐரினோடீகனுக்கு இதை மி.கி.க்கு மி.கி. மாற்றிப் போடவும் கூடாது.

பலன்? 417 பேரிடம் நடந்த சோதனையில், ஃப்ளூரோயுராசில்-லியூகோவொரின் மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 4.2 மாதம், இதையும் சேர்த்தவர்களுக்கு 6.1. குணமாக்கும் மருந்தல்ல, ஆனால் இந்த நோயில் இரண்டு மாதம் சின்ன விஷயமுமல்ல.

தொல்லை வயிற்றில்தான். டிரிப் ஓடும்போதே வியர்த்து, எச்சில் ஊறி, வயிறு முறுக்கினால் அட்ரோபின். ஒரு நாள் கழித்து ஆரம்பிக்கும் பேதிக்கு லோபெராமைடு. அதை வீட்டிலேயே தயாராக வைத்திருக்க வேண்டும். கிருமியை எதிர்க்கும் வெள்ளையணுவான நியூட்ரோபில் ஒரு கன மி.மீ. ரத்தத்தில் 1,500க்குக் கீழே போனால் அடுத்த டோஸ் தள்ளிப்போகும். கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் பித்தக்குழாய் அடைபடும். மருந்து வெளியேறும் வழியே அதுதான் என்பதால், அடைப்பைத் திறக்கும் சிறு குழாயான ஸ்டென்ட் வைத்து, ரத்தத்தில் ஏறிய பித்த நிறமியான பிலிருபின் இறங்கும்வரை காத்திருப்பதே நல்லது.

கூடவே மூலிகை மாத்திரையும் போட்டுக்கொண்டால் கணக்கு கெடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை கல்லீரல் நொதியைத் தூண்டி ரத்தத்தில் மருந்தின் அளவைக் குறைத்துவிடும். முதல் டோஸுக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்த வேண்டும்.