இரும்பு அறுக்கக் கிரைண்டரா, பல் வைத்த ரம்பமா?

சேலத்தில் எந்த கிரில் பட்டறைக்குப் போனாலும் கையில் இருப்பது நாலு இஞ்ச் கிரைண்டர்தான். விலை குறைவு, இடுக்கிலும் நுழையும், ஆங்கிள், கம்பி, துருப்பிடித்த போல்ட் எதையும் விடாது. ஆனால் நிமிடத்துக்குச் சுமார் 11,000 சுற்று, தேய்த்துத்தான் அறுக்கிறது. வெட்டு முனை நீலம் பூக்கும், பிசிறை மறுபடி தேய்க்க வேண்டும். உருக்காலை இருக்கும் ஊரில் சொல்லியா தெரிய வேண்டும்: இரும்பு அறுத்த பொறி எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாய்மேல் விழுந்தால், பின்னால் அந்த இடத்தில் துரு.

கார்பைடு என்ற கடினமான பொருளில் பல் வைத்த மெட்டல் சர்குலர் சா, அதாவது உலோகம் அறுக்கும் வட்ட ரம்பம், நிதானம், சுமார் 3,500 சுற்று. சீவிச் சீவி எடுக்கும். சூடு குறைவு, முனை சுத்தம். நீளமான நேர் வெட்டு என்றால் என் ஓட்டு இதற்குத்தான். பிளேடு விலை மட்டும் கையைக் கடிக்கும். சிலர் இந்தப் பல் பிளேடை அந்த 11,000 சுற்றுக் கிரைண்டரில் மாட்டுகிறார்களே, பார்த்தாலே வயிறு கலங்குகிறது: மாட்டவே கூடாது.