ஃபோர்டு ஃபிகோ 1.4 டீசல்: இத்தனை வருஷம் ஆன பிறகும் ஏன் விற்கவில்லை

மைலேஜ், ரீசேல், சர்வீஸ் செலவு என்று கணக்குப் பார்த்து வண்டி வாங்குகிறவர்களுக்கு இந்தப் பதிவு பெரிதாக உதவாது. அந்தக் கணக்கில் என் வண்டி எப்போதோ தோற்றுவிட்டது. ஃபோர்டு கம்பெனி இந்தியாவில் கார் தயாரித்து விற்பதை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. அதற்குப் பிறகு பழைய கார் வியாபாரிகள் விலை சொல்வதற்கு முன்பே உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 2012-ல் வாங்கிய ஃபிகோ இன்றும் தக்கலையில் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் நிற்கிறது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியாயிற்று. இதற்கிடையில் வீட்டுக்கு இன்னொரு வண்டியும் வந்தது. ஆட்டோமேட்டிக், பெரிய திரை, சுற்றிலும் கேமரா. குடும்பத்தோடு போவதெல்லாம் அதில்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா ஒரு சுற்றுப் போய்வரலாம் என்றால் என் கை போவது பழைய சாவிக்கு.

சும்மா ஒரு சுற்று என்று தோன்ற வைப்பது எது? அதுதான் எனக்கு ரொம்ப நாளாக இருக்கும் கேள்வி.

வேகம் என்று சொல்ல முடியாது. இதன் எஞ்சின் 1399 சிசி, சக்தி 69 பிஎஸ் (குதிரைத்திறன்). இன்றைக்கு ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினே நூறு பிஎஸ்ஸைத் தாண்டிவிடுகிறது. மச்சானின் எஸ்யூவி கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சக்தி உள்ளது. தக்கலையிலிருந்து மார்த்தாண்டம் போகும்போது அரசு பஸ் ஒன்று முன்னால் மாட்டினால் அவரும் முப்பது, நானும் முப்பதுதான். நம்ம குமரி மாவட்டத்தில் வீடில்லாத ரோடு ஏது? கோயில், சர்ச், பள்ளிக்கூடம், சந்தை, நடுவில் குறுக்கே போகும் கோழி. அறுபதுக்கு மேல் போக இடம் கிடைப்பதே அபூர்வம். அதனால் நூற்றைம்பதில் எப்படி இருக்கும் என்பது இங்கே உதவாத கேள்வி. நாற்பதில் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. பல வண்டிகள் நாற்பதில் செத்துக் கிடக்கும். இது நாற்பதிலேயே பேசும்.

அதற்குப் பெரிய காரணம் ஸ்டீயரிங். இது ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங். எஞ்சின் பெல்ட்டில் சுற்றும் ஒரு பம்ப், அது தரும் எண்ணெய் அழுத்தம், அவ்வளவுதான் உதவி. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் பம்பும் சுற்றுவதால் கொஞ்சம் டீசல் வீண்தான். இப்போது வருகிறவற்றில் மின்மோட்டார். திருப்பும்போது மட்டும் கரண்ட் எடுக்கும், பார்க்கிங்கில் ஒரு விரலால் சுற்றலாம், லேன் விலகாமல் பிடிக்கும் வசதிக்கும் அந்த மோட்டார் வேண்டும். கம்பெனிகள் மாறியதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ரோட்டுக்கும் கைக்கும் நடுவில் ஒரு மோட்டார் வந்து உட்கார்ந்துவிட்டது. எந்த வேகத்தில் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பதை யாரோ ஒரு எஞ்சினியர் சாஃப்ட்வேரில் எழுதி வைத்திருக்கிறார். நன்றாக எழுதியிருந்தால் நன்றாகவே இருக்கிறது, அப்படியும் வண்டிகள் ஓட்டியிருக்கிறேன். பெரும்பாலானவற்றில் ஸ்டீயரிங் நடுவில் நிற்கும்போது வெறும் காற்றைப் பிடித்திருப்பது மாதிரி இருக்கும்.

ஃபிகோவில் அந்த நடுப்பகுதியில்தான் சுவையே. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் ரோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ரப்பர், ஒரு வளவு (வளைவு) முடிவதற்குள் அடுத்த வளவு. ஆனி, ஆடி மாதங்களில் ரோடு காய்வதே இல்லை. தார் மேல் இலையும் செம்மண் கலங்கலும் ஒட்டிக் கிடக்கும். அங்கே வளவுக்குள் நுழைந்து ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்ளங்கையில் மெல்ல ஒரு கனம் ஏறும். முன்சக்கரத்தைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது டயர் தன் பாட்டுக்கு நேராக வரப் பார்க்கிறது, சக்கரம் திரும்பும் அச்சைக் கொஞ்சம் பின்னோக்கிச் சாய்த்து வைத்திருக்கும் காஸ்டர் சாய்வும் அதே வேலையைத்தான் செய்கிறது. அந்த இழுப்புதான் கையில் தெரியும் கனம். முக்கியமான சங்கதி இனிமேல்தான். டயரின் பிடிப்பு உச்சத்துக்குப் போகும் முன்பே அந்த நேராக்கும் இழுப்பு குறைய ஆரம்பித்துவிடும். அதாவது வண்டி வழுக்குவதற்கு முன்பே ஸ்டீயரிங் இலேசாகும். சகதி படிந்த ஒரு இடத்தில் முன்சக்கரம் ஏறும்போது கையில் இருந்த கனம் சட்டென்று கால்வாசி கழன்ற மாதிரி தெரியும். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் தானாக எழும்பிவிடும். சக்கரம் சகதியைத் தாண்டியதும் பழைய கனம் திரும்பி வரும். மொத்தமே ஒரு விநாடி. பின்சீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

இந்தச் செய்தி கைக்கு வந்தால் ஓட்டுகிறவனுக்கு நம்பிக்கை. வராவிட்டால் ஒன்று பயந்து ஊர்வோம், இல்லை தெரியாமல் வேகமாகப் போவோம். புது வண்டியில் வழுக்கினால் அதைத் திருத்த ஈஎஸ்பி இருக்கிறது. உயிர் காக்கும் வசதி, எல்லா வண்டியிலும் வேண்டும். என் ஃபிகோவில் அது கிடையாது. பாதுகாப்பு என்று வந்தால் பழைய வண்டியைத் தூக்கிப் பிடிக்க நான் தயாரில்லை.

அடுத்தது சஸ்பென்ஷன். மெத்து மெத்தென்று இருந்தால்தான் நல்ல சஸ்பென்ஷன் என்று நம்மூரில் ஒரு எண்ணம் உண்டு. ஷோரூம் வாசலில் இருக்கும் வேகத்தடையில் ஏற்றி இறக்கிப் பார்த்து, தலையாட்டிவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். வேகத்தடையில் மெத்தென்று ஏறி, இறங்கிய பிறகும் இரண்டு தடவை தலையை ஆட்டிக்கொண்டே போகிற வண்டியில் அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் வழியாக கீரிப்பாறைக்கு ஒருமுறை பின்சீட்டில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். பாதி வழியில் எலுமிச்சம்பழம் தேட வேண்டியிருக்கும். ஃபிகோ குழியில் விழுந்தால் குழி தெரியும், கொஞ்சம் உறைப்பாகவே தெரியும். ஆனால் ஒரே அசைவு. கீழே போனது, மேலே வந்தது, அடங்கிவிட்டது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் அப்சர்பர் எவ்வளவு சீக்கிரம் அடக்குகிறது என்பதில்தான் விஷயம். வளவிலும் அதே கதை. வண்டி சாயும், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு அளவு சாய்ந்து அங்கேயே நிற்கும், மேற்கொண்டு தடுமாறாது.

இது தற்செயலாக அமைந்ததில்லை. ஃபிகோ சென்னைப் பக்கம் மறைமலைநகரில் தயாரானாலும், அடித்தளம் 2002-ல் ஐரோப்பாவில் வந்த ஃபியஸ்டாவுடையது. அந்தக் காலத்தில் ஃபோர்டில் ரிச்சர்ட் பாரி-ஜோன்ஸ் என்று ஒரு எஞ்சினியர் இருந்தார், வேல்ஸ்காரர், 2021-ல் காலமானார். 1998-ல் வந்த ஃபோர்டு ஃபோகஸ் ஓட்டுவதற்கு நல்ல வண்டி என்று பேர் எடுத்ததற்கு அவர்தான் முக்கிய காரணம் என்பார்கள். ஒரு வண்டி எப்படிப்பட்டது என்பதை முதல் 50 மீட்டரிலேயே சொல்லிவிடலாம் என்பது அவர் கட்சி. கிளட்ச் எங்கே பிடிக்கிறது, ஆக்சிலரேட்டரை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு நகர்கிறது, பிரேக் மிதியை இறக்க இறக்க அதே அளவில் வேகம் குறைகிறதா, ஸ்டீயரிங்கின் கனமும் கியர் கம்பியின் கனமும் ஒத்துப்போகிறதா. இவை எல்லாம் ஒரே சுருதியில் இருந்தால் வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் நமக்குப் பிடித்துப்போகும், ஏன் பிடித்தது என்று சொல்லத் தெரியாது. ஸ்டீயரிங் பஞ்சாகவும் பிரேக் கத்தியாகவும் கிளட்ச் கல்லாகவும் இருக்கிற வண்டிகள் உண்டு. தனித்தனியாக எதுவும் மோசமில்லை, சேர்த்து ஓட்டினால் எரிச்சல்.

எடையும் ஒரு காரணம். ஃபிகோ ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். 1989-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5 அதைவிடக் குறைவு, கூரையில்லாத இரண்டு சீட்டு வண்டி, வெறும் 1.6 லிட்டர் எஞ்சின். உலகம் முழுக்கப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. இந்தியாவுக்கு அந்தக் கம்பெனி வரவில்லை, வந்திருந்தாலும் நான் வாங்கியிருக்கப் போவதில்லை. ஆனால் சக்தி குறைந்த, கனம் குறைந்த வண்டி எப்படி மனசைப் பிடிக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. நம்மூரில் 2005-ல் வந்த முதல் ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோலை வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் இதையேதான் சொல்வார்கள்.

எஞ்சின் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 160 நியூட்டன் மீட்டர் இழுவை 2000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். அதனால் ஏற்றத்தில் மூன்றாவது கியரிலேயே போகலாம். டர்போ எழும்புவதற்குக் கீழே ஒரு சோம்பல் உண்டு, பழகிவிடும். காலையில் ஸ்டார்ட் செய்தால் பக்கத்து வீட்டுக்கும் தெரியும்.

ஆரல்வாய்மொழி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. திருநெல்வேலி போகிறவர்களுக்குத் தெரியும், தோவாளை தாண்டியதும் மலை இரண்டு பக்கமும் விலகி நிற்கும், நடுவில் கணவாய். தென்மேற்குப் பருவத்தில் மேற்கேயிருந்து வரும் காற்றெல்லாம் அந்தச் சந்துக்குள் நெரிபட்டு வேகம் பிடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலை நிற்பதே அதனால்தான். ஆடி மாதம் லாரி ஒன்றை முந்தும்போது லாரியின் மறைப்பு முடிகிற இடத்தில் காற்று பக்கவாட்டில் அறையும். உயரமான வண்டிகள் அந்த இடத்தில் ஒரு அடி விலகும், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் திருத்தித் திருத்தி ஓட்ட வேண்டும். ஃபிகோ குட்டை, உட்காரும் இடமும் தாழ்வு. காற்று அடித்ததும் எவ்வளவு எதிர்த்துப் பிடிக்க வேண்டும் என்று கைக்கே தெரிந்துவிடுகிறது. மச்சான் கூட ஒருமுறை இதை ஓட்டிவிட்டு, "கொள்ளாம்டே, தரையோட ஒட்டிக் கெடக்கு" என்றார். அவர் வாயிலிருந்து என் வண்டியைப் பற்றி வந்த ஒரே நல்ல வார்த்தை.

இந்த ஓட்டும் உணர்வு வண்டி வாங்கினால் கூடவே நிரந்தரமாக வருகிற பொருள் இல்லை. இரண்டாவது செட் டயர் மாற்றும்போது கடையில் இருந்த ஏதோ ஒரு கம்பெனி டயரைப் போட்டுத் தந்தார்கள். அளவு அதே 175/65 ஆர்14, விலை குறைவு. ரப்பர் கட்டி. மழை ரோட்டில் நான் மேலே சொன்ன கனமும் இல்லை, இலேசாகும் எச்சரிக்கையும் இல்லை. வேறு ஏதோ வண்டியை ஓட்டுகிற மாதிரியே இருந்தது. அதைத் தேயும்வரை ஓட்டாமல் மாற்றிய பிறகுதான் உயிர் வந்தது. அதேபோல சஸ்பென்ஷனில் இருக்கும் லோயர் ஆர்ம் புஷ் (ரப்பர் பொருத்து), லிங்க் ராடு. நம்மூர்க் குழிகளுக்கு அவை தேயாமல் இருந்தால்தான் ஆச்சரியம். தேய்வது மெல்ல மெல்ல நடப்பதால் நமக்கே தெரியாது. எனக்கு மார்த்தாண்டத்தில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். வண்டியைத் தூக்கிப் பார்க்கும் முன் தானே ஓட்டிப் பார்ப்பார். திரும்பி வந்து, "எஞ்சினுக்கு ஒரு கொழப்பமும் இல்ல அண்ணே, முன்பக்கம் புஷ்ஷு போயாச்சு, அதான் வண்டி பறையது ஒங்களுக்குக் கேக்கல" என்றார். பறைவது என்றால் எங்கள் பக்கம் பேசுவது. இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

குறைகளுக்கும் பஞ்சமில்லை. பின்கதவுக் கண்ணாடியைக் கையால்தான் சுற்ற வேண்டும். என் மகன் தன் நண்பர்களுக்கு அதை ஒரு காட்சிப்பொருளாகக் காட்டுகிறான். ஹைட்ராலிக் ஸ்டீயரிங் பேசும் என்றேன், நாகர்கோவில் வடசேரியில் சனிக்கிழமை சாயங்காலம் நெருக்கடியில் ரிவர்ஸ் எடுத்தால் தோளும் சேர்ந்து பேசும். முட்டுவலி உள்ள அம்மா, "இதுல ஏறவும் மாட்டேன், எறங்கவும் மாட்டேன், மக்ளே" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு உயரமான புது வண்டிதான் சரி. மனைவியின் கருத்து இன்னும் சுருக்கம்: "உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல." மைலேஜ் எங்கள் ஓட்டத்துக்கு லிட்டருக்குப் பதினெட்டுக்குப் பக்கத்தில் கிடைக்கிறது.

உதிரி பாகம் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் மாதிரி ஓடுகிற சாமான்களுக்கு இதுவரை கஷ்டப்படவில்லை. பம்பர், லைட் மாதிரி உடல் பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டி வரும். ஆகவே இன்றைக்குப் போய்ப் பழைய ஃபிகோ வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். எந்த வண்டி வாங்கப் போனாலும் டெஸ்ட் டிரைவுக்கு பைபாஸ் பக்கம் கூட்டிப்போக விடாதீர்கள். ஏசி, பாட்டு இரண்டையும் அணைத்துவிட்டு, வளவும் குழியும் உள்ள ஏதாவது ஊர்ரோட்டில் நாற்பதில் ஓட்டிக் கேளுங்கள். சேல்ஸ்மேன் முகம் கோணினால் கோணட்டும்.

என் வண்டிக்கு 2027-ல் பதினைந்து வருஷம் முடிகிறது. ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டி, பசுமை வரியும் மறுபதிவுக் கட்டணமும் கட்டினால் ஆர்சி இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீளும். கட்டணம் முன்பு மாதிரி இல்லை, 2022-லிருந்து ஐயாயிரம் ரூபாய். கட்டுவதாகத்தான் இருக்கிறேன். அதற்கு முன்னால் பின்பக்க ஷாக் அப்சர்பர் இரண்டையும் மாற்றியாக வேண்டும், மார்த்தாண்டத்துக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.