நெப்ராஸ்கா புல்வெளியில்: குழிவீடா, புல்மண் வீடா?

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி குடியேறியவருக்கு 160 ஏக்கர் வரை அரசு நிலம் கிடைத்தது. ஐந்தாண்டு குடியிருந்து பயிர்செய்தால் சொந்தம். ஆனால் வீடு கட்ட அங்கே போதிய மரம் இல்லை.

அவசரத்துக்குக் குழிவீடு. ஓடைக்கரை மேட்டைக் குடைந்து, முன்பக்கம் மட்டும் சுவர் எழுப்பினால் போதும், சில நாள் வேலைதான். கதகதப்பும் உண்டு. ஆனால் மழையில் மேட்டு நீர் உள்ளே இறங்கும், பாம்பு வரும். கூரை மேட்டின் மேல்தரையோடு ஒரே மட்டமாக இருப்பதால் மேய்கிற மாடு கூரையைப் பொத்துக்கொண்டு விழுவதும் உண்டு!

புல்மண் வீட்டுக்கு உழைப்பு அதிகம். வேர் அடர்ந்த மண்ணைக் கலப்பையால் ஓரடி அகலம், நான்கு அங்குலக் கனத்தில் பட்டையாக உரித்து, மண்வெட்டியால் இரண்டு மூன்றடித் துண்டுகளாக நறுக்குவார்கள். அன்றைக்கு உரித்ததை அன்றைக்கே அடுக்க வேண்டும், காய்ந்தால் உதிரும். புல் பக்கம் கீழே, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வரக் கூடாது. சில வரிசைக்கு ஒருமுறை துண்டுகளைக் குறுக்கே வைத்துக் கட்டுவார்கள். சுவரின் கனம் இரண்டடிக்குக் குறையாது. ஈரமண் அமுங்குமே, அதனால் சன்னல் சட்டத்துக்கு மேல் இடைவெளி விட்டுக் கந்தல் திணிப்பார்கள். இல்லையேல் கண்ணாடி நொறுங்கும்.

கூரை இரண்டிலும் ஒழுகும், மழை நின்ற பிறகும் சேறு சொட்டும். நல்ல மேடு இருந்தால் முதல் குளிர்காலத்துக்குக் குழிவீடே சரி. புல்மண் வீடு எழுந்ததும் குழிவீடு தொழுவமாகும்.