மிளகாய் போட்டவர்கள் கவனத்துக்கு: 'முழுக்க மூலிகை' என்று விற்கும் புட்டி

இலைச்சுருட்டல் கண்ட மிளகாய்க்கு "ரசாயனமே இல்லை, அடித்த மறுநாளே பூச்சி இருக்காது" என்று சொல்லி விற்கும் மருந்தை வாங்கி ஏமாறாதீர்கள். வேம்பில் உள்ள அசாடிராக்டின் பூச்சியை உடனே சாகடிக்காது. தின்னவிடாமல் தடுக்கும், குஞ்சுகள் தோலுரித்து வளர்வதைக் கெடுக்கும். பலன் தெரிய நான்கைந்து நாளாவது ஆகும். அடித்த ஒரு மணி நேரத்தில், இலையை மேல்நோக்கிச் சுருட்டும் இலைப்பேன் கொத்தாக விழுகிறதா? புட்டிக்குள் சொல்லாத ஏதோ கலந்திருக்கிறது.

ஏமாந்தது தெரியவர இரண்டு மூன்று வாரம் ஆகும். பைரித்ராய்டு வகை ரசாயனப் பூச்சிக்கொல்லி கலந்திருந்தால் பயிருக்கு நன்மை செய்யும் பொறிவண்டும், இரை தின்னும் சிலந்திகளும் அழிந்துவிடும். அவை இல்லாத வயலில் இலைச்சாறு உறிஞ்சும் மஞ்சள் முரணைச் சிலந்தி தாறுமாறாகப் பெருகும். முன்பு இலைப்பேனால் மேல்நோக்கி மடிந்த இலை, இப்போது இந்தச் சிலந்தியால் கீழ்நோக்கிக் கவிழும், காம்பு நீளும். வித்தியாசம் தெரியாதவரிடம் "டோஸ் போதவில்லை" என்று அதே புட்டியை இன்னொரு தடவை விற்பார்கள். கொழுந்தை வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள்: வெளிர்மஞ்சள் கோடு போன்ற பூச்சி ஓடினால் இலைப்பேன். முரணைச் சிலந்தி வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. இளம் இலையின் அடிப்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும்.

லேபிளில் அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று இருக்க வேண்டும். 300, 1500, 10000 என்று பல உண்டு, ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு. பிபிஎம் சொல்லாமல் "டேங்குக்கு ஒரு மூடி" என்றால் வாங்காதீர்கள். தயாரித்த தேதி, பதிவு எண் இல்லையென்றாலும் வேண்டாம். பூச்சியைக் கொல்லும் பூசணமான பெவேரியா பொடியை வாங்கினால், அதில் கிராமுக்கு எத்தனை உயிர்வித்து என்பதையும் பாருங்கள். வெயிலில் கிடந்த பாக்கெட்டில் மிஞ்சுவது வெறும் மாவுதான்.

நம்பிக்கையானது நாமே தயாரிப்பது. 10 லிட்டருக்கு வேப்பங்கொட்டைப் பருப்பு 500 கிராம். இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டுங்கள். லிட்டருக்கு 1 கிராம் சோப்பு கரைத்து, அன்றைக்கே, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வெயிலில் அசாடிராக்டின் சிதைந்துவிடும். பூசணம் பிடித்த கொட்டையிலும் பழைய கொட்டையிலும் வீரியம் இருக்காது.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மிச்ச மருந்தை அதே புட்டியில் மூடி, ரசீதோடு பத்திரப்படுத்துங்கள். வற்றலில் ரசாயன எச்சம் காட்டி சரக்கு திரும்பி வந்தால், ஆய்வகத்துக்குக் கொடுக்க அதுதான் கையில் இருக்கும்.