6,490 ரூபாய் கொடுத்து ரெஸ்யூமே வாங்கினேன்: நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று கோவையில் ஓர் இன்டர்வியூவில் தலைகுனிந்து வெளியே வந்தேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ரெஸ்யூமே எப்படித் தயாரிப்பது என்பதையும் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 9 வருடம் கணக்கு பார்த்தேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் குறைந்தது. கணக்கு பார்த்தவனுக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

வேலை தேடும் தளம் ஒன்றில் பதிவு செய்தேன். மறுநாளே, ரெஸ்யூமே எழுதித் தரும் நிறுவனம் என்று ஒரு பெண் பேசினார். "அண்ணா, உங்க அனுபவம் சூப்பர். ஆனா ரெஸ்யூமேக்கு ஏடிஎஸ்ல 38 மார்க்தான் வருது. 80 தாண்டினாத்தான் எச்.ஆர். கண்ணுலயே படும்." ஏடிஎஸ் என்பது வரும் விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்துத் தேடுவதற்குக் கம்பெனிகள் வைத்திருக்கும் மென்பொருள். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான மார்க் என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. இது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நான் யோசித்தேன். "எங்கப்பாவும் பல்லடத்துல தறி ஓட்டுறவர்தாண்ணா. வேலை போனா வீடு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். 5,500 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 6,490. மகளின் வேன் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம். வீட்டில் சொல்லாமல் அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து ஃபைல் வந்தது. இடது பக்கம் நீலப் பட்டை, வட்டத்துக்குள் என் போட்டோ, திறமைகளுக்கு நட்சத்திரம். டேலி என்ற கணக்கு மென்பொருளுக்கு 4, தமிழுக்கு 3. என் தமிழுக்கு 3 நட்சத்திரம் போட இவர்கள் யார்? மாதம் 600 பில் போட்டது, ஜிஎஸ்டிஆர்-1, 3பி என்று மாதாமாதம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி கணக்குகள் இரண்டுக்கும் ஒரு மாதம்கூட லேட் ஃபீஸ் கட்ட விடாதது, இதெல்லாம் ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பதில் 'டைனமிக், ரிசல்ட் ஓரியன்டட் புரொஃபஷனல்'. இரண்டாம் பக்கத்தை நான் ஒழுங்காகப் படிக்கவில்லை. அது என் தப்பு.

இன்டர்வியூவில் மேனேஜர், "எஸ்ஏபியில் எஃப்-110 ஓட்டியிருக்கீங்களா?" என்றார். முழித்தேன். எஸ்ஏபி என்பது பெரிய கம்பெனிகள் கணக்கு பார்க்கும் மென்பொருள், எஃப்-110 அதில் மொத்தமாகப் பணம் பட்டுவாடா செய்யும் கட்டளையாம். அவர் தாளை என் பக்கம் திருப்பி, பேனா முனையை ஒரு வரியில் வைத்தார். 'எஸ்ஏபி: 3 வருட அனுபவம்.' வேறு யாருடைய ரெஸ்யூமேவிலிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். நான் எஸ்ஏபியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. "பொய் போட்டா எப்படி சார் கணக்கை நம்பிக் கொடுக்கிறது?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டிலிருந்தே அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "டீம் லீடர் பேசுவார் சார்." அண்ணா போய் சார் வந்துவிட்டது! டீம் லீடர், "நீங்க ஓகே சொன்ன ஃபைல்தானே?" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், டிஜிட்டல் சேவைக்கு ரீஃபண்ட் இல்லையாம். திருத்த வேண்டுமென்றால் இன்னும் 1,500 கட்ட வேண்டுமாம். இரவு வாட்ஸ்அப்பில் பில்லைக் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. காலையில் பார்த்தால் பிளாக் செய்திருக்கிறார்கள். 6,490 ரூபாய்! ஜிஎஸ்டி என்று 990 வாங்கியவர்கள் ஜிஎஸ்டி எண் போட்ட ரசீதுகூடத் தரவில்லை. கணக்குப் பிள்ளையான நானே அதை முதலில் கேட்காமல் விட்டதுதான் வயிற்றெரிச்சல்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம். வேலை வாங்கித் தருகிறேன் என்று பணம் பறித்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

ரெஸ்யூமே விஷயம்: மார்க் சொல்லிப் பயமுறுத்தினால் போனை வையுங்கள். பிடிஎஃப்பில் இருப்பதை மொத்தமாகக் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் குழம்பி வந்தால் ஏடிஎஸ்ஸும் குழம்பலாம், அந்த டிசைன் வேண்டாம். செய்த வேலையை எண்ணிக்கையோடு எழுதுங்கள். யார் எழுதித் தந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டு அனுப்புங்கள்.

இன்னும் சொல்ல இருக்கிறது. நாளை 11-ம் தேதி, ஜிஎஸ்டிஆர்-1 கடைசி நாள். தெரிந்த ஆடிட்டர் ஆபீசில் நாள் கூலிக்கு என்ட்ரி போடக் கூப்பிட்டிருக்கிறார்கள், கிளம்புகிறேன்.