‘அல்ல’ என்று சொல்லக் கற்ற இடம்: ஒரு கொரிய மொழி வகுப்பின் மதிப்புரை

சிங்கப்பூர் நகர மையத்தில், பெருவிரைவு ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள ஒரு தனியார் மொழி நிலையத்தில், உயர்நிலை 3இல் படிக்கும் என் மகளும் நானும் தொடக்கநிலைக் கொரிய வகுப்பை அண்மையில் முடித்தோம். வாரத்தில் ஒரு மாலை, 2 மணி நேரம், மொத்தம் 10 வாரம். கட்டணம் ஆளுக்கு 280 வெள்ளி. பயிற்சி நூலுக்குத் தனியாக 25 வெள்ளி. நிலையத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. இங்கே நான் பெரிதாகச் சொல்லவிருக்கும் குறை, ஆங்கிலத்தை நடுவில் வைத்துக் கொரிய மொழியைக் கற்பிக்கும் எந்த வகுப்பிலும் நேரக்கூடியது.

முதல் மூன்று வாரங்கள் எழுத்துக்குச் சென்றன. செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துமுறையை ஆசிரியை பொறுமையாகவும் தெளிவாகவும் சொல்லித் தந்தார். இந்தப் பகுதியில் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. நாம் ‘கடல்’ என்பதில் வல்லொலியாகவும் ‘அகல்’ என்பதில் மெலிந்த ஒலியாகவும் ஒரே ககரத்தை உச்சரிப்பதைப் போலவே, கொரியர்களுடைய ககரமும் சொல்லின் முதலில் ஒருவிதமாகவும் உயிர்களுக்கு இடையில் வேறுவிதமாகவும் ஒலிக்கிறது. மற்றவர்கள் இதற்காக ஒரு பக்கம் குறிப்பெழுதியபோது நானும் மகளும் பேனாவைத் தொடவே இல்லை.

சிக்கல் ஐந்தாம் வாரத்தில், பெயர்ச்சொல்லை எதிர்மறையாக்கும் பாடத்தில் தொடங்கியது. ‘நான் மாணவர்’ என்பதற்குக் கொரிய மொழியில் ‘ஜொனுன் ஹக்செங்-இயெயோ’ என்பார்கள். ‘நான் மாணவர் அல்ல’ என்பதற்கு ‘ஜொனுன் ஹக்செங்-இ அனியெயோ’ என்று சொல்ல வேண்டும். மெய்யில் முடியும் பெயருக்குப் பின் ‘இ’ என்ற உருபும், உயிரில் முடியும் பெயருக்குப் பின் ‘கா’ என்ற உருபும் வந்து, இறுதியில் ‘அனியெயோ’ நிற்கும். கொரிய மொழியில் பாடகரை ‘காசு’ என்பார்கள் (இதைக் கேட்டு எங்கள் வரிசையில் எழுந்த சிரிப்பின் காரணம் மற்றவர்களுக்கு விளங்கவில்லை). ஆகவே ‘பாடகர் அல்ல’ என்பது ‘காசுகா அனியெயோ’ ஆகும். விதி இவ்வளவுதான்.

ஆனால் பயிற்சி நூல் இந்த விதியை ஆங்கிலத்தின் ‘நாட்’ என்ற ஒரே சொல்லில் ஏற்றிவிட்டது. வினைச்சொல்லுக்கு முன் வரும் ‘அன்’ என்ற எதிர்மறைச் சொல்லுக்கும் அதே ‘நாட்’. பெயருக்குப் பின் வரும் ‘அனியெயோ’வுக்கும் அதே ‘நாட்’. அடுத்த பாடத்தில், ஒரு பொருள் இல்லை என்பதைச் சொல்லும் ‘ஒப்சொயோ’ வந்தபோது, அதற்கும் சில வாக்கியங்களில் ‘நாட்’ போட்டிருந்தார்கள். விளைவாக, வகுப்பில் பாதிப் பேர் மாணவர் என்ற பெயருக்கு முன்னால் ‘அன்’ சேர்த்து, கொரிய மொழியில் இல்லாத ஒரு வாக்கியத்தை இரண்டு வாரம் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை ஒவ்வொரு தாளிலும் சிவப்பு மையால் திருத்தினாரே தவிர, பிழை எங்கிருந்து வருகிறது என்பதை விளக்கவில்லை.

உண்மையில் இந்த வேறுபாட்டைத் தமிழர் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடலாம். பேச்சில் நாம் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே சொல்லிப் பழகிவிட்டாலும், எழுத்துத் தமிழில் இரண்டும் வேறு வேறு. ‘இது பால் அன்று, மோர்’ என்பது ஒரு பொருள் இன்னது என்பதை மறுக்கிறது. ‘வீட்டில் பால் இல்லை’ என்பது அது இருப்பதையே மறுக்கிறது. ‘அனியெயோ’ முதல் வகை, ‘ஒப்சொயோ’ இரண்டாம் வகை. தண்ணீருக்குக் கொரியச் சொல் ‘முல்’. உருபு சேரும்போது லகரம் ரகரமாக ஒலித்து ‘முரி’ ஆகிறது. ‘முரி அனியெயோ’ என்றால் அது தண்ணீர் அன்று. ‘முரி ஒப்சொயோ’ என்றால் தண்ணீர் இல்லை. உருபு ஒன்றே, இறுதிச் சொல் மட்டுமே மாறுகிறது. இதை என் குறிப்பேட்டில் இரண்டு வரியாக எழுதிக் காட்டியதும் மகள், “அம்மா, இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே!” என்று கோபித்துக்கொண்டாள். பள்ளியில் அன்று, அல்ல, அல்லர் என்று ஒருமை பன்மை பார்த்து எழுத அவள் படும் பாடு எனக்குத் தெரியும். கொரிய மொழியில் அந்தத் தொல்லையும் கிடையாது; நான், நீ, அவர்கள், அவை என யாருக்கும் எதற்கும் ‘அனியெயோ’ ஒன்றே போதும்.

மறுப்பு வடிவில் கேட்கப்படும் கேள்விக்கு விடை சொல்வதிலும் தமிழ் கைகொடுத்தது. “நீங்கள் மாணவர் அல்லவே?” என்ற பொருளில் ஆசிரியை என்னைக் கேட்டபோது, நம் வழக்கப்படி ‘ஆமாம், அல்ல’ என்ற எண்ணத்தில் ‘நே’ என்று தொடங்கினேன். அதுவே சரியான விடை. ஆங்கிலத்தில் சிந்தித்தவர்கள் ‘அனியோ’ என்று தொடங்கித் தடுமாறினார்கள். இந்த ‘அனியோ’ தனியாக நின்று ‘இல்லை’ என்று மறுமொழி சொல்லும் சொல். ‘அனியெயோ’ வாக்கியத்தை முடிக்கும் சொல். ஓர் எழுத்து கூடினால் வேலையும் மாறிவிடுகிறது.

ஆசிரியையின் திறமை உச்சரிப்பைக் கற்பிப்பதிலும் எழுத்துப்பிழையைத் திருத்துவதிலும் வெளிப்பட்டது. மரியாதை மிகுந்த வடிவமான ‘அனிம்னிதா’வை எழுதும்போது மகர ஒலிக்குரிய இடத்தில் பகரமெய்யே வரும், அடுத்து வரும் நகரம் அதை மூக்கொலியாக்கிவிடுகிறது. நாள், மலர் என்ற இரண்டும் சேர்ந்து நாண்மலர் ஆவதை அறிந்த நமக்கு இது புதிதன்று. உயிரில் முடியும் பெயருக்குப் பின் ‘யெயோ’ என்று எழுதப் பழகிய கையோடு ‘அனியெயோ’வையும் அதே எழுத்தால் எழுதிவிடுவது கொரியர்களே செய்யும் பிழை என்று சொல்லி, அதற்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்கினார். அந்த அரை மணி நேரத்துக்கே கட்டணம் தகும் என்பேன். நண்பர்களிடம் சொல்லும் ‘அனியா’, இறந்தகால வடிவம் ஆகியவை ஒரு பக்கத்தில் பட்டியலாக வந்து போயின. முதலாவதைக் கொரியத் தொடர்கள் பார்ப்பவர்கள் ஏற்கெனவே அறிவார்கள்.

பேச்சுப் பயிற்சிக்கு நேரம் போதவில்லை. 16 பேர் இருந்த வகுப்பில் ஒருவருக்கு இரண்டு மூன்று வாக்கியங்களே கிடைத்தன. தமிழில் ‘மாணவர் அல்ல’ என்பதில் உருபே இல்லாததால், என் நாக்கு ‘இ’, ‘கா’ இரண்டையும் விழுங்கிக்கொண்டே இருந்தது. பேச்சில் கொரியர்களும் அவற்றை விட்டுவிடுவதுண்டு என்று ஆசிரியை ஆறுதல் சொன்னார். ஆனால் எழுத்துத் தேர்வில் மதிப்பெண்ணைக் குறைக்கத் தயங்கவில்லை. ‘காப்பி அல்ல, தேநீர்’ என்பது போல ஒன்றை மறுத்து இன்னொன்றைச் சொல்லும் ‘அனிரா’ வடிவம் எட்டாம் வாரத்தில் வந்தது. ‘கொபிகா அனிரா சாயெயோ’ என்பதை எதிர்க் காப்பிக்கடையில் கோப்பி வாங்கும்போது சொல்லிப் பார்த்துத்தான் மனத்தில் நிறுத்தினேன். அறையின் குளிரும் கடுமை. மேலங்கி இல்லாமல் போகாதீர்கள்.

இறுதி வாரத்தில் ஒவ்வொருவரும் தம்மை அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. ஆசிரியை மகளைப் பார்த்து, “இந்தோ சாரமியெயோ?” என்று கேட்டார். கொரிய மொழியில் ‘இந்தோ’ என்றால் இந்தியா. சிங்கப்பூரில் அந்தச் சொல்லைக் கேட்டால் இந்தோனேசியாதான் நினைவுக்கு வரும். மகள் ஒரு கணம் விழித்து, பிறகு நிமிர்ந்து, “இந்தோ சாரமி அனியெயோ, சிங்கபோரு சாரமியெயோ” என்றாள். ‘இ’ தெளிவாகக் கேட்டது. இரண்டாம் நிலைக்கு அவள் பதிந்துகொண்டாள். பயிற்சி நூலில் ‘நாட்’ என்று அச்சிட்ட இடங்களை எல்லாம் பென்சிலால் அடித்து, பக்கத்தில் ‘அல்ல’ அல்லது ‘இல்லை’ என்று எழுதிக்கொண்டிருக்கிறாள்.